கண்டி வரைக்கும் நம் தோட்டத்து எல்லை

மண்ணுக்குள் போய் நாலு வருடமாகியும் என்னைக் கிண்டல் செய்வதை விடாத என் அன்பு மச்சான் எட்வினுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை முதல் வரியிலேயே நிறுத்தி, "என்னடா மாஸ்டர், சிரிச்சிக்கிட்டே எழுதியிருக்க? ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டிருப்பாய். சரியில்லாமல்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதையும் நம்பு.

போன மார்கழியில் சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. பல்வலியில் நெறி கட்டியிருக்கிறது என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். தை முடிவதற்குள் கக்கத்திலும் இரண்டு வந்துவிட்டன. கண்டி ஆஸ்பத்திரியில் கொஞ்சம் வெட்டியெடுத்துச் சோதித்துவிட்டு, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும்.

உனக்கு வயிற்றில் வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு என்று டாக்டர் விளக்கினார். என்னுடையது மருந்துக்கு மசியக்கூடிய வகையாம். வெளியே வந்ததும் சாந்தி சொன்னாள்: "உங்க ஒடம்புல மசியக்கூடியது அது ஒன்னுதாங்க." கட்டிய மனைவி சொல்கிற ஆறுதலைப் பார்த்தாயா?

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் எதையும் மறப்பவன் அல்ல. பள்ளிக்கூடத்து அதிபர் பதவியை என்னைவிட ஆறு வருடம் இளையவனுக்குக் கொடுத்தவர்களை மறக்கவில்லை. நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்தபோது பளிங்குக் கல்லில் ரூபாய் கொடுத்தவர்களின் பெயரை மட்டும் வெட்டிவைத்த கோயில் தலைவர் பெரியசாமியை மறக்கவில்லை. என் அப்பா அந்தக் கோயிலுக்கு ஆற்றிலிருந்து மண்ணும் கல்லும் தோளில் சுமந்தவர். தோளில் சுமந்ததற்குக் கல்லில் இடமில்லை என்றார் பெரியசாமி. அன்றைக்குக் கோயில் படியிலிருந்து இறங்கியவன், பதினைந்து வருடமாக ஏறவில்லை.

மறக்காதவற்றில் பெரியது கணேசன். ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த மூன்று பேரில், நீ தேயிலை பெக்டரிக்குப் போனாய், நான் வாத்தியாரானேன், அவன் வேன் வாங்கினான். நீ இரண்டு தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, "போதும்டா, என்னால ஏலாது" என்று சொன்னபோது அவனும் இருந்தான், நானும் இருந்தேன். அவன் கத்தினான். நான்தான், படித்தவன் அல்லவா, "அவன் உடம்பு, அவன் விருப்பம்" என்று சொன்னேன். நீ மூன்றாவதுக்குப் போகவில்லை.

உன்னைக் குழிக்குள் இறக்கிய பிறகு கணேசன் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீதான்டா அவனை அனுப்பி வச்ச" என்றான். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. பெருநாளுக்கும் இல்லை, தீபாவளிக்கும் இல்லை.

ஆகவே என் நோயை ஒருவருக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அல்சர் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். பெரியசாமி பரிதாபப்படுவதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ் என்று சாந்தியும் நானும் மட்டும் போனோம். அந்தச் சிவப்பு மருந்து உனக்கும் ஏற்றினார்களா? நன்னாரி சர்பத் மாதிரி இருந்தது. திரும்பும்போது கினிகத்தேனை வளைவுகளில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை வாந்தியெடுத்தேன். பின்சீட்டுக்காரர் சாந்தியிடம், "மஹத்தயா குடிச்சிருக்காரா?" என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் நான். அவரையும் மறக்கவில்லை.

இரண்டாவதுக்குப் பிறகு தலைமுடி தலையணையிலேயே தங்கிவிட்டது. பத்து நாளில் புருவமும் போனது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ உரித்துவைத்த பனங்கிழங்கு மாதிரி ஒருவன். அப்போதுதான் முடிவெடுத்தேன். எட்வின் இரண்டோடு நிறுத்தினான், நானும் இரண்டோடு நிறுத்துகிறேன். உன்னைவிட ஒரு தடவை அதிகமாகப் பிழைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அப்படித்தான் நினைத்தேன். பயம் என்று ஒப்புக்கொள்வதைவிட அப்படி நினைப்பது கௌரவமாக இருந்தது.

அதை உன்னிடம் சொல்லத்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உன் கல்லறைக்குக் கிளம்பினேன். பள்ளிக்கூட குவார்ட்டஸிலிருந்து உன்னிடம் வர வேண்டுமானால் கோயில் முற்றத்தைக் கடக்க வேண்டும். நான் எப்போதும் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவேன். அன்றைக்குச் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள் என்பது எனக்கு நினைவில்லை.

முற்றம் முழுக்க ஆட்கள். அம்மனைச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்துவிட்டார்கள். கோபம் தலைவர் மேல்தானே, சாமி மேலா? கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டது.

தப்படிக்கிறவன் குச்சியை நிறுத்திவிட்டு என் தலையையே பார்த்தான். பிறகு முத்தம்மா அக்கா வாயில் கை வைத்துக் குலவை போட்டார் பார், பெக்டரிச் சங்கு தோற்றுப் போகும். "ஆத்தா! மாஸ்டரையே மொட்டை போட வச்சிட்டியே ஆத்தா!"

பதினைந்து வருடமாகப் படியேறாத மாஸ்டர் மொட்டைத் தலையோடு திருவிழாவுக்கு வந்து நிற்கிறான். வேறு என்னதான் நினைப்பார்கள்? நேர்த்தி வைத்து மொட்டை போட்டிருக்கிறான் என்று தோட்டமே முடிவு செய்துவிட்டது. முத்தம்மா அக்கா பக்கத்தில் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் மாஸ்டர், புருவத்தையும் சேத்தா நேந்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புற்றுநோய்க்காரனாக நிற்பதைவிடப் பக்தனாக நிற்பது பரவாயில்லை என்று தோன்றியது.

பூசாரி என் கையைப் பிடித்து மஞ்சள் துணியில் காப்புக் கட்டிவிட்டார். பால்குடம் எடுப்பவர்கள் பட்டியலில் பெரியசாமியே என் பெயரை எழுதினார். அவர் முகத்தில் இருந்த வெற்றியை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் அன்றைக்கு உன்னிடம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். பாதி வழியில்தான் அது உறைத்தது. காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. திருவிழா அடுத்த ஞாயிறு முடிகிறது. மூன்றாவது மருந்து வருகிற செவ்வாய்க்கிழமை! அம்மனே எனக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். என்ன நிம்மதி தெரியுமா மச்சான்? சாந்தியிடம் போய், "நான் என்ன செய்ய, சாமி காரியம்" என்றேன். அவள் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே அழுதாள். பிறகு கையைக் கழுவிவிட்டு உன் வீட்டுக்குப் போனாள்.

உன் ரோஸ்மேரியிடம் ஒரு விஷயம் போனால் அது எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசைக்கு நான் ஓரமாக நின்றிருந்தபோது, வேன் ஒன்று முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றது. கணேசன் இறங்கினான். நாலு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "டேய்!"

"காப்பு கட்டுனதால கண்டிக்குப் போக ஏலாதாம். அப்படித்தானே?"

"எல்லை தாண்டக் கூடாது. ஊர் வழக்கம்" என்றேன்.

"ஊர் வழக்கத்த பதினஞ்சு வருசமா சட்டை பண்ணாதவன் பேசுறான் பாரு!" கணேசன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "ஐயா, எல்லாரும் கேட்டுக்கங்க. இவன் மொட்டை போடல. மருந்துல முடி கொட்டிருச்சி. இவனுக்குப் புத்துநோய். நாளன்னிக்குக் கண்டியில மூணாவது மருந்து. அதுக்குப் போகாம இருக்கத்தான் இங்க வந்து சாமிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான்."

நான் இரண்டடி பின்னால் போனேன். கோபத்தில்தான் என்று வைத்துக்கொள். "உன்னை யார்டா கேட்டது?" என்றேன்.

"யாரும் கேக்கலனுதான் எட்வின விட்டோம்" என்றான் கணேசன்.

முத்தம்மா அக்கா ஓடி வந்து என் கன்னத்தைத் தடவி, "ஐயோ மாஸ்டர், புருவத்தப் பத்திக் கேலி பண்ணிட்டேனே, என் நாக்கு அழுகிப் போக" என்று அழுதார். யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். நான் பயந்த பரிதாபம் அது இல்லை மச்சான். அது ஏசல். "எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன மாஸ்டர்?" என்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற பெண்கள் எல்லாம் வரிசையாக ஏசினார்கள். பத்து வயதில் வாங்கிய ஏச்சு மாதிரி இருந்தது. உள்ளுக்குள் எனக்கு ஏனோ இனித்தது.

பிறகு பிரச்சினை காப்புக்கு வந்தது. பூசாரி, கட்டினதை நடுவில் அவிழ்த்தால் நேர்த்தி முறிந்துவிடும் என்றார். ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்து ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். அப்படியானால் திருவிழாவைத் தள்ளிவை என்றான் கணேசன். சண்டை முற்றிக்கொண்டிருந்தபோது, பெரியசாமி உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு மஞ்சள் துணி இருந்தது. கோயில் மூலையில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அதில் முடிந்தார்.

"நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் கடலுக்கு அக்கரையிலேருந்து இப்படித்தான் சாமி மண்ண முடிஞ்சி கொண்டாந்து இங்க வச்சாங்க" என்றார். "நம்ம மண்ணு எங்க இருக்கோ அதுவரைக்கும் நம்ம எல்லைதான். மாஸ்டர் இத வச்சிக்கிட்டுப் போகட்டும். காப்பு அவுக்க வேண்டியதில்ல."

பூசாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பெரியசாமி முடிச்சை என் கையில் வைத்தார். அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "ஒங்கப்பா சொமந்த மண்ணுதான் மாஸ்டர். பத்திரமா கொண்டு போயி பத்திரமா கொண்டாந்துருங்க."

கல்லில் போடாததை வாயால் சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால். முடிச்சோடு சேர்த்து அவரைக் கும்பிட்டேன். நான் அவரைக் கும்பிட்ட சந்தர்ப்பங்கள் எத்தனை என்று உனக்குத் தெரியும். அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கணேசனின் வேன் வந்தது. பின்னால் சாந்தியும் ரோஸ்மேரியும். முன்சீட்டில் நான், மடியில் மண். ரோஸ்மேரி உன் செபமாலையை என் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். "இது அவரு கையில இருந்தது. அம்மனும் மாதாவும் உள்ளுக்குள்ள பேசிக்குவாங்க, நீங்க பேசாம வாங்கண்ணே" என்றாள்.

ஹட்டன் தாண்டும்வரை கணேசன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான், நான் மண் முடிச்சைப் பார்த்தே வந்தேன். கினிகத்தேனை வளைவில் வழக்கப்படி வாந்தி வந்துவிட்டது. மருந்து ஏற்றுவதற்கு முன்பே! பயம்தான், வேறென்ன? வேனை நிறுத்தி, பையைப் பிடித்து, என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றவன் கேட்டான்: "நாலு வருசமா வயித்துல வச்சிருந்ததையெல்லாம் கொட்டிட்டியா, இன்னும் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"வச்சுக்க. வரும்போது கொட்டலாம்."

நான் சிரித்தேன். வாயில் கசப்போடு சிரித்தேன். அவனும் சிரித்தான். இரண்டு பேரும் பாதையோரத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு லொறிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே போனான்.

வார்ட்டில் ஊசி குத்த வந்த நர்ஸ் என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்து, "மே மொகத்த சேர்?" என்று கேட்டாள். இது என்ன என்று அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? என் சிங்களம் இலக்கணச் சுத்தமானது, அவசரத்துக்கு உதவாது. கணேசன் முந்திக்கொண்டான். "மே அபே கம, மிஸ்." இது எங்க ஊரு, மிஸ்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முடிச்சை வாங்கி, மண் சிந்தாமல் ஒரு சுத்தமான பொலிதீன் பையில் போட்டுக் கட்டி, மருந்துப் போத்தல் தொங்குகிற கம்பியில் அதையும் தொங்கவிட்டாள். ஆக, எட்வின், மேலே ஒரு பக்கம் சிவப்பு மருந்து, மறுபக்கம் நம்முடைய தோட்டம். நான் எல்லையைத் தாண்டவில்லை. நம் தோட்டம் கண்டி வரைக்கும் வந்து, கட்டில் பக்கத்தில் நாலு மணிநேரம் காத்திருந்தது.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது ரோஸ்மேரியிடம் கேட்டேன், நாலு வருடமாகக் கேட்காததை. "நான் சொன்னதுனாலதான் அவன் நிறுத்துனானாம்மா?"

"அவரா?" என்றாள். "கட்டுன எம் பேச்சையே கேக்கல, ஒங்க பேச்சையா கேக்கப் போறாரு?" சொல்லிவிட்டு என் பையிலிருந்த செபமாலையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? உனக்குத்தான் தெரியும். நீ சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுத்தேன். கூட்டத்துக்குள் போகக்கூடாது, தொற்று வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதற்கும் ஒரு வழி செய்தார்கள். தேர்க் கயிற்றை எடுத்து என்னைச் சுற்றிப் பெரிய வட்டமாகப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் முகமூடியோடு, புருவமில்லாமல், தலையில் சின்னச் செம்பு வைத்துக்கொண்டு நான் மட்டும் நடந்தேன். கயிற்றுக்கு வெளியே யாராவது இருமினால் முத்தம்மா அக்கா கையில் வேப்பிலையோடு பாய்ந்தார். அம்மனுக்குக்கூட அவ்வளவு இடம் விடவில்லை. ஒரு ராஜா நடந்தது மாதிரி இருந்தது மச்சான். வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

நான் அந்த நேர்த்தியை வைக்கவே இல்லை. அதுதான் வேடிக்கை. யாரோ தப்பாக நினைத்தார்கள், நான் பொய்யாக ஏற்றுக்கொண்டேன். ஆனால் செம்பை இறக்கிவைத்து அம்மனின் முகத்தைப் பார்த்தபோது, அது என்னுடையதாகத்தான் இருந்தது. நான் வைக்காத நேர்த்தியை எனக்காக யார் வைத்தது? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் வேண்டும் என்றுகூட இல்லை.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் அதே வேனில்தான். ரோஸ்மேரி கோழி சூப் வைத்து பிளாஸ்கில் கொண்டுவந்தாள். கணேசன் பாடினான், அது மருந்தைவிடக் கொடுமை. ஆடி மாதத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிகள் கரைந்துவிட்டன என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கொருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். எத்தனை காலம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பளிங்குக் கல் அப்படியேதான் இருக்கிறது, அப்பாவின் பெயர் இன்னும் அதில் இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன். இப்போது கூட்டத்துக்குள் உட்கார்ந்து கேட்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் பிடிமண்ணைத் திருப்பிக் கொடுக்கப் பெரியசாமியிடம் போனேன். அவர் வாங்கவில்லை. "முத்தம்மா மருமக செல்விக்கு மார்புல கட்டி, ஒங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்? ரெண்டு மருந்து போட்டாச்சி. இனி போக மாட்டேன்னு அடம் புடிக்குது" என்றார்.

நேராக லயத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "போதும் சேர், என்னால ஏலாது" என்றாள். அதே சொல், மச்சான். உன் வாயிலிருந்து வந்த அதே சொல். எனக்கு அப்படியே உன் முகம் தெரிந்தது.

அவள் உடம்பு, அவள் விருப்பம். அது இன்றைக்கும் சரிதான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். இந்தத் தடவை எழவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கினிகத்தேனை வளைவுகளைப் பற்றிச் சொன்னேன். சர்பத்தைப் பற்றிச் சொன்னேன். முளைத்துவரும் என் புருவத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "பூனை முடி மாதிரி இருக்கு சேர்" என்று சிரித்தாள். சாயங்காலம் முத்தம்மா அக்கா வந்து, "நீங்களும் கூட வர்றதுன்னா வர்றாளாம்" என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூன்றாவது. வேன் விடியற்காலையில் உன் கல்லறைக்குக் கீழே உள்ள வளைவால் போகும். கணேசன் ஹார்ன் அடிப்பான், திட்டாதே. முன்சீட்டில் செல்வி இருப்பாள், அவள் மடியில் அந்த மண் இருக்கும், பின்சீட்டில் பையோடு நான் இருப்பேன். உனக்கு வாக்குத் தருகிறேன் எட்வின்: இனி நம் தோட்டத்திலிருந்து ஒருவரும் மூன்றாவதுக்குத் தனியாகப் போக மாட்டார்கள். என் கால் நடக்கிறவரை இது நடக்கும்.

உன் பக்கத்து இடம் காலியாகவே இருக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

உன் பிள்ளைகளுக்கு மாமனும்,
உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
பூனைமுடிப் புருவக்காரன்
லிங்கம்